மேல் மூன்று வரி

“மேல உள்ள மூணு வரி எங்கக்கா?”

அவள் கேட்டது இவ்வளவுதான். 2022 டிசம்பர் கடைசி வாரம். புத்தகக் காட்சிக்கு முந்தைய அந்த வாரம் பதிப்பகத்தில் எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. மேசையில் மூன்று நூல்களின் கடைசி மெய்ப்பு கிடந்தது. அச்சகத்திலிருந்து அரைமணிக்கொரு தரம் “அட்டை வந்துருமா மேடம்?” என்று போன். அதற்கு நடுவில்தான் அவளுடைய நாவலின் பின்னட்டையை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தேன்.

“இடம் இல்லம்மா” என்றேன்.

இடம் இருந்தது. பார்கோடுக்கு மேலே நாலு விரற்கடை சும்மா கிடந்தது. வடிவமைப்பாளர் அங்கே மழைத்துளி ஒன்றைப் போட்டு நிரப்பியிருந்தார்.

நான் போட்டிருந்தது குறுந்தொகை 40ஆம் பாட்டின் கடைசி இரண்டு வரி. செம்புலப் பெயல்நீர் போல, அன்புடை நெஞ்சம் தாம்கலந்தனவே. கல்யாணப் பத்திரிகை தொடங்கி எங்கெங்கோ போட்டுத் தேய்ந்த வரிதான். ஆனாலும் பதினாறு வயதில் முதன்முதலாகப் படிக்கிற பிள்ளைக்கு அது புதிதாகத்தானே இருக்கும் என்பது என் கட்சி. முதல் காதலைப் பற்றிய நாவலுக்கு வேறு எதைப் போடுவது?

அவள் விடவில்லை. “இல்லக்கா, அந்தப் பாட்டுல மொதல்ல எங்கம்மா யாரு, உங்கம்மா யாரு, எங்கப்பாவும் உங்கப்பாவும் எந்த மொறையில சொந்தம்னுதான கேக்காங்க. அதையெல்லாம் கேட்டு முடிச்சப்புறம்தான மழை பெய்யுது. நீங்க மழைய மட்டும் எடுத்துக்கிட்டீங்க.”

“சரி, பார்க்கிறேன்” என்றேன். பார்க்கவில்லை. மறுநாள் காலை அட்டை அச்சுக்குப் போய்விட்டது.

இது நடந்து வருஷங்கள் ஆகிவிட்டன. பின்னட்டையில் விட்டுப்போன மூன்று வரிக்காக யாரும் தூக்கம் கெடுவதில்லை. எனக்கும் அதனால் கெடவில்லை. அவள் பின்னட்டையைப் பற்றிப் பேசவே இல்லை என்பது எனக்கு அப்போதே தெரிந்திருந்தது. அதுதான் விஷயம். இரண்டு மாதம் முன்பு நான் எடுக்கச் சொன்ன 11ஆம் அத்தியாயத்தைத்தான் அவள் அந்த விதத்தில் கேட்டாள்.

நாவல் சங்கரன்கோவிலில் நடக்கிறது. சங்கரனும் நாராயணனும் ஒரே உடம்பில் பாதி பாதியாய்க் காட்சி தரவேண்டும் என்று கோமதியம்மன் தவமிருந்த ஊர். ஆடித்தபசுக்கு முந்தைய நாட்களில் பெண்கள் வேண்டிக்கொண்டு ஆடிச்சுற்று சுற்றுவார்கள். பிளஸ் டூ படிக்கும் பெண் ஒருத்தி 108 சுற்று வேண்டியிருக்கிறாள். கணக்குக்குப் புளியங்கொட்டையைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வருகிறாள். நாற்பதாவது சுற்றிலோ என்னவோ முடிச்சு அவிழ்ந்து கொட்டை சிதறிவிடுகிறது. ஒரு பையன் குனிந்து பொறுக்கிக் கொடுக்கிறான். எத்தனை சுற்று முடிந்தது என்று அவளுக்கு மறந்துபோகிறது. திரும்பவும் முதலிலிருந்து தொடங்குகிறாள். அவனும் பின்னாலேயே சுற்றுகிறான், வேண்டுதல் எதுவும் இல்லாமல்.

கையெழுத்துப் பிரதியில் அந்த இடத்தைப் படித்தபோது அலுவலகத்தில் எழுந்து நின்றுவிட்டேன். இருபத்து மூன்று வயதுப் பெண்ணுக்கு இது எப்படிக் கைவந்தது என்று இருந்தது. நெல்லைப் பேச்சை அவள் காது கேட்டபடியே எழுதியிருந்தாள். அதில் நான் கை வைக்கவில்லை. இதைச் சொல்லிக்கொள்ளத் தோன்றுகிறது, ஏனென்றால் நான் எல்லாவற்றையும் வெட்டியவள் அல்ல.

11ஆம் அத்தியாயத்தின் தலைப்பு ‘கயிறு’. அதில் பெரிதாக எதுவும் நடக்காது. அவளைப் பார்க்க டியூஷன் வாசலுக்கு வரும்போது பையன் மணிக்கட்டில் கட்டியிருக்கும் இரண்டு நிறக் கயிற்றைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறான். கயிறு இருந்த இடத்தில் தோல் வெளுத்திருக்கிறது. அவள் அதைப் பார்க்கிறாள். எந்த நிறம் என்று கேட்பதில்லை. நிறம் அவளுக்கு முதல் நாளே தெரியும். மறுநாள் அவனுடைய பெரியப்பா மகன் “கைய என்னல மொட்டையா வச்சிருக்க?” என்கிறான். அடுத்த நாள் கயிறு கையில் ஏறிவிடுகிறது. 14 பக்கம். எந்தச் சாதியின் பெயரும் இல்லை, தெருப் பெயர்கள் மட்டும் உண்டு.

நான் அவளிடம் சொன்ன காரணங்கள் மூன்று. ஒன்று, கயிறு விவகாரம் வெளியூர் வாசகருக்குப் புரியாது. இரண்டு, கதையின் ஓட்டம் அந்த இடத்தில் தேங்குகிறது. மூன்று, படிவக் கணக்கு. அச்சில் 16 பக்கம் ஒரு படிவம். 208 பக்கம் என்றால் 13 படிவம். இந்த அத்தியாயத்தோடு முன்பக்கத்தில் இரண்டு பக்கத்தைக் குறைத்தால் 192, சரியாக 12 படிவம், விலையை 200 ரூபாய்க்குள் நிறுத்திவிடலாம்.

மூன்றாவது மட்டும் உண்மை. இரண்டாவது பாதி உண்மை. அந்த அத்தியாயம் கொஞ்சம் நீளம்தான், கயிறு கழற்றுவது இரண்டு முறை வருகிறது, ஒன்று போதும். நல்ல எடிட்டர் 14 பக்கத்தை 8 ஆக்கியிருப்பார். முதல் காரணம் சுத்தப் பொய். 2019இல் கையில் சாதிக் கயிறு கட்டி வருவதைக் கவனிக்கச் சொல்லிப் பள்ளிக் கல்வித் துறை சுற்றறிக்கை அனுப்பி, அது பத்திரிகையில் பேச்சாகி அடங்கியது எனக்குத் தெரியாதா? தெரியும். தமிழ்நாட்டில் பேப்பர் படிக்கிற யாருக்கும் தெரியும்.

சொல்லாத காரணம் வேறு. புத்தகத்தை ‘இளையோர் நாவல்’ என்று போடுவதாக முடிவாகியிருந்தது. தமிழில் இந்த அலமாரியே இப்போதுதான் உருவாகிறது. சாகித்திய அகாதெமி கொடுக்கும் பால சாகித்ய விருது சிறுவர் நூல்களுக்கு, யுவ புரஸ்கார் 35 வயதுக்கு உட்பட்ட எழுத்தாளர்களுக்கு. அதாவது ஒன்று படிக்கிறவரின் வயதைப் பார்க்கிறது, இன்னொன்று எழுதுகிறவரின் வயதை. நடுவில் பதினாலிலிருந்து பதினெட்டு வரை உள்ள பிள்ளை எதைப் படிக்கும் என்று யாரும் கவலைப்படுவதில்லை. எங்கள் முதலாளி கவலைப்பட்டார், அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அவர் கண் பள்ளிக்கூட நூலகங்கள் மேல் இருந்தது. “காதல்னாலே ஹெச்.எம்.முக்கு ஜுரம் வரும். அதுல சாதியும் வேணுமா?” என்றார்.

வயதையும் எடுக்கச் சொன்னார். அதற்கும் காரணம் இருந்தது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18க்குக் கீழே எல்லோரும் குழந்தைகள், சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. வளரிளம் பருவத்துக் காதலைத் தண்டிப்பது அந்தச் சட்டத்தின் நோக்கமல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் சொன்னது என்றேன். “நீதிபதி சொல்லலாம், ஹெச்.எம். சொல்ல மாட்டார்” என்றார். கதையில் அந்த இருவரும் கைகூடத் தொட்டுக்கொள்வதில்லை. இருந்தாலும் ‘பதினேழு’ என்று வந்த இடத்தையெல்லாம் தேடி ‘பிளஸ் டூ’ ஆக்கினேன்.

அக்டோபரில் அவளிடம் பேசியபோது இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். “பாரும்மா, இது வியாபாரம், ஸ்கூல் ஆர்டர் வேணும்” என்றிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள், அல்லது ஒப்புக்கொண்டிருப்பாள். எதுவானாலும் எதை எதிர்க்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். நான் இலக்கியக் காரணம் சொன்னேன். முதல் நாவல் எழுதுகிற பெண்ணிடம், இருபது வருஷமாக மெய்ப்பு பார்க்கிற ஒருத்தி “ஓட்டம் தேங்குது” என்று சொன்னால் அவள் என்ன சொல்வாள்?

“சரிக்கா” என்றாள்.

புத்தகம் 2023 ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் வந்தது. பரவாயில்லாமல் விற்றது. ஒரு தாயும் மகளும் வந்தது நினைவிருக்கிறது. மகள் எடுத்தாள், அம்மா வாங்கிப் பின்னட்டையைப் படித்தார். “லவ் ஸ்டோரியா?” என்றார் என்னைப் பார்த்து. “இளையோர் நாவல்ங்க” என்றேன். சங்கப் பாட்டைப் பார்த்த நிம்மதியில் பில் போட்டார். அதாவது என் பின்னட்டை வேலை செய்தது. தொழில்ரீதியாகப் பார்த்தால் நான் செய்தது சரி. பிள்ளையின் கைக்குப் புத்தகம் போனதே. அந்த அத்தியாயத்தோடு வந்திருந்தால் போயிருக்குமா?

போயிருக்கும். அந்த அம்மா உள்ளே ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை.

ஆகஸ்டில் நங்குநேரி நடந்தது. பிளஸ் டூ மாணவனை, கூடப் படிக்கிறவர்களே சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டினார்கள். தங்கைக்கும் வெட்டு. காதல் எதுவும் இல்லை அதில். ஆனாலும் அன்றைக்குப் பேப்பரை மடித்து வைத்தபோது எனக்கு அந்த வெளுத்த மணிக்கட்டுதான் ஞாபகம் வந்தது. பிறகு நீதிபதி சந்துரு குழு அமைத்தார்கள், 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார்கள், பள்ளியில் வண்ணக் கயிறு கட்டக் கூடாது என்று அதில் பரிந்துரை இருந்தது. நாவலில் ஓர் அத்தியாயம் இருந்திருந்தால் ஒரு வெட்டு குறைந்திருக்கும் என்று நினைக்கிற அளவுக்கு எனக்கு மூளை குழம்பவில்லை. “வெளியூர்க்காரருக்குப் புரியாது” என்றேனே, அதை மட்டும் திரும்பத் திரும்ப என் குரலிலேயே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவளுக்குப் போன் செய்தேன். மன்னிப்புக் கேட்பதாக உத்தேசம். இரண்டாம் பதிப்பு வந்தால் அந்த அத்தியாயத்தைச் சேர்க்கலாம், நான் முதலாளியிடம் பேசுகிறேன் என்றேன்.

“வேண்டாம்க்கா” என்றாள் உடனே. “எங்கப்பா டிவி மேல வச்சிருக்காங்க புஸ்தகத்த. வர்றவங்ககிட்டல்லாம் எடுத்துக் காட்டுதாங்க. அந்தக் கயிறு இருந்திருந்தா எங்க தெருவுலயே எங்கள விட்டிருக்க மாட்டாங்க. நல்லவேளை நீங்க எடுத்தீங்க.”

ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் அது பொய் இல்லை. ஒரு நாள் முழுக்க ஆறுதலாக இருந்தது. ஆனால் நான் அவளைக் காப்பாற்றுவதற்காக எடுக்கவில்லையே. அவள் தெருவைப் பற்றி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. ஒருவேளை ஹெச்.எம்.மின் ஜுரத்துக்குப் பயந்த முதலாளியும், படிவம் எண்ணிய நானும், டிவி மேல் புத்தகத்தை வைத்த அவள் அப்பாவும் ஒரே கணக்கைத்தான் போட்டோமா? இல்லை, அப்படிச் சேர்த்துச் சொல்வது அவருக்குச் செய்கிற அநியாயம். அவர் வாழ வேண்டிய தெரு அது. எனக்கு அது ஒரு மெய்ப்புத் தாள்.

இன்னொன்றும் இருக்கிறது, எழுதலாமா என்று தெரியவில்லை. மாயவரத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் எனக்கு அடுத்த மெஷினில் ஒரு பையன் உட்காருவான். அதைக் காதல் என்று இன்றுவரை பெயர் சொல்லிப் பார்த்ததில்லை. ‘அப்போ இதெல்லாம் நமக்குத் தெரியவே தெரியாது’ என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன், நம்பியும் இருக்கிறேன். ஆனால் வீட்டில் அம்மா “எந்த வீட்டுப் பையன்?” என்று கேட்ட அன்று, என்னிடம் பதில் தயாராக இருந்தது. அப்பா என்ன வேலை, வீடு எந்தப் பக்கம், எல்லாம். அவன் ஒன்றும் சொன்னதில்லை. நான் எப்போது கேட்டு வைத்துக்கொண்டேன்?

இரண்டாம் பதிப்பு வரவில்லை. அவள் அடுத்த நாவலை அனுப்பவும் இல்லை. கேட்டால் வங்கித் தேர்வுக்குப் படிப்பதாகச் சொல்கிறாள்.

அந்த அத்தியாயம் என் கணினியில் ‘பழையது’ என்ற கோப்புறையில் இருக்கிறது. போன வாரம் வேறெதையோ தேடும்போது கண்ணில் பட்டுத் திறந்தேன். மூன்றாம் பக்கத்தில் ‘சட்டை பையில்’ என்று இருந்தது. ஒற்று விட்டுப்போயிருக்கிறது. ‘சட்டைப் பையில்’ என்று திருத்தி, சேமித்து, மூடினேன்.