எடிட்டரில் எது கோர், எது மாட்யூல்: நாங்கள் முடிவு செய்த விதம்

கேரளத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் டிடிபி வேலை செய்பவர்களுக்கு ஒரே பக்கத்தில் தமிழும் மலையாளமும் வந்துகொண்டே இருக்கும். கல்யாணப் பத்திரிகை, பஞ்சாயத்து மனு, பள்ளி வினாத்தாள் எல்லாம் அப்படித்தான். இந்த வேலைக்கென்றே நானும் நண்பர்களும் ஒரு சின்ன டெக்ஸ்ட் எடிட்டர் எழுதி வருகிறோம். எதைக் கோரில் (எடிட்டரிலிருந்து பிரிக்க முடியாத மையப் பகுதியில்) வைப்பது, எதை மாட்யூலாக (வேண்டுமென்றால் சேர்த்து, வேண்டாமென்றால் எடுத்துவிடக்கூடிய துண்டாக) விடுவது என்று முடிவெடுப்பதற்குத்தான் கோட் எழுதியதைவிட அதிக நேரம் போனது.

நிறையப் பேர் பயன்படுத்துவது கோரில் இருக்கட்டும் என்றுதான் முதலில் பேச்சு வந்தது. அப்படிப் பார்த்தால் கீபோர்டு லேஅவுட்டுக்குத்தான் முதல் இடம். ஆனால் ஒருவர் தமிழ்99, இன்னொருவர் பழைய டைப்ரைட்டர் முறை, மலையாளம் அடிப்பவர் இன்ஸ்கிரிப்ட். இதில் ஒன்றை எடுத்துவிட்டாலும் ஃபைலுக்கு ஒன்றும் ஆகாது. எனவே மாட்யூல். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த ஃபைலை, எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றுவதும் மாட்யூல்தான். ஆனால் அந்த மாற்றம் முழு ஃபைலையும் தொடுகிறது, பிடிக்கவில்லை என்றால் ஒரே அண்டூவில் பழைய நிலை திரும்ப வேண்டும். ஒவ்வொரு மாட்யூலும் தனக்கென்று அண்டூ வைத்துக்கொண்டால் டெக்ஸ்ட் குலைந்துபோகும். ஆகவே அண்டூ கோரில்.

இதற்கப்புறம் ஒரே கேள்வியைத்தான் கேட்டோம்: இது தப்பாக நடந்தால் மற்ற மாட்யூல்களும் தப்பாக நடக்குமா?

தேடலில்தான் வாக்குவாதம் முற்றியது. 'கொ' என்ற எழுத்தில் ஒகரக் குறி ஒரே குறியீடாகவும் வரலாம், கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடாகவும் வரலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். யூனிகோடும் இரண்டையும் சமம் என்றே சொல்கிறது. ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்கவில்லை என்றால், ஃபைண்டு, ரீப்ளேஸ், எழுத்துப்பிழை பார்ப்பது எல்லாமே பொய் சொல்லும். யாரும் கேட்டு வாங்காத வசதி இது, ஆனாலும் இதன் இடம் கோர்தான். ஒப்பிடும்போது மட்டும் சமமாக்குவோம், சேமிக்கும்போது ஃபைலை மாற்ற மாட்டோம் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

எல்லாமே மாட்யூலாக இருந்தால் என்ன என்று ஒரு நண்பர் கேட்டார். விஎஸ் கோடு என்ற கோட் எழுதும் எடிட்டரில் அடைப்புக்குறிகளுக்கு நிறம் கொடுப்பது முதலில் வெளி எக்ஸ்டென்ஷனாகத்தான் (வெளியார் எழுதிய மாட்யூல்) இருந்தது. எடிட்டர் உள்ளே வைத்திருந்த தகவல் அதற்கு எட்டாததால், கோடைத் தானே மறுபடி அலச வேண்டியிருந்தது, பெரிய ஃபைலில் திணறியது. 2021-இல் அதைக் கோருக்குள்ளேயே எழுதினார்கள். எங்கள் தேடலுக்கும் அதே நிலைமைதான் என்று காட்டியதும் அவர் ஒப்புக்கொண்டார்.

உயிர் சேராத மெய்யைக் காட்டும் மலையாளச் சில்லு எழுத்துகள் இன்னும் சிக்கல். 2008-இல் யூனிகோடு 5.1 அவற்றுக்குத் தனிக் குறியீடு கொடுத்தது. அதற்கு முந்தைய ஃபைல்களில் மெய், சந்திரக்கலை (நம் புள்ளி போன்ற குறி), கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்பான் என்று வரிசையாக இருக்கும். யூனிகோடு இவை இரண்டையும் சமம் என்று வைக்கவில்லை. 'ஔ' எழுத வேண்டிய இடத்தில் 'ஒ', 'ள' என்று இரண்டாக அடிப்பதும் இதே கதை. இவற்றுக்குப் பாதி வழி கண்டோம்: தேடலில் கூடுதல் சமன்பாடுகளைச் சேர்க்கும் வாசல் கோரில், சமன்பாட்டுப் பட்டியல் மட்டும் மொழி மாட்யூலில். தமிழ்ப் பட்டியலை நான் பார்த்துக்கொள்கிறேன், மலையாளத்தை சித்தூர் நண்பர் பார்த்துக்கொள்கிறார். எழுத்துப்பிழை திருத்தி, தீம், பிரிண்ட் அளவுகள் எல்லாம் பேச்சே இல்லாமல் மாட்யூலுக்குப் போய்விட்டன.