அக்கா வாசலுக்கு ஒரு பூச்செடி

அமெரிக்காவின் மின்னசோட்டாவில் இருக்கிற எங்க அக்கா வீட்டு முன்வாசல் வடக்குப் பார்த்தது, போதாததுக்கு மேப்பிள் மர நிழல் வேற. கொடைக்கானலில் பார்த்த ஆசையில நீல ஹைட்ரேஞ்சியா வச்சுச்சு. மூணு வருஷமா வெறும் இலைதான். நேத்து வீடியோ காலில் காட்டுச்சு: கம்பெல்லாம் காய்ஞ்சு கருகிக் கிடக்கு, தூரில் மட்டும் பச்சைத் துளிர்.

அந்த வகை போன வருஷக் கம்பில்தான் மொட்டு வைக்கும். மைனஸ் 30 டிகிரியில் கம்பே செத்தா பூ எங்கிருந்து வரும்?

‘அன்னபெல்’ங்கிற ஹைட்ரேஞ்சியா வகையை வைக்கச் சொன்னேன். அது புதுத் துளிரில் பூக்கும். நம்ம திருமங்கலம் பக்கம் கார்த்திகை, மார்கழியில மல்லியைக் கவாத்துப் பண்ணி, மாசி, பங்குனியில புதுத் தளிரில் மொட்டு எடுக்குறோமே, அதே கணக்குதான். குளிர் முடியுறப்ப வெட்டிவிட்டா ஆடியில ஒரு சாண் அகலத்துக்கு வெள்ளை உருண்டையா நிக்கும். பானிகுலேட்டாங்கிற இன்னொரு ஹைட்ரேஞ்சியா வகையும் குளிர் தாங்கும், ஆனா அரைநாள் வெயிலாவது கேக்கும். அந்த வாசலுக்குச் சரிப்படாது.

நீலம் கிடைக்காதேன்னு அக்காவுக்கு வருத்தம். மண்ணை எப்படி மாத்தினாலும் அன்னபெல் நீலமாகாது. “மல்லிப்பூ மாதிரி வெள்ளைதானே, பரவாயில்லடா”ன்னுச்சு. மே மாசம் ரெண்டு செடி நடப்போகுது.