ஓரப்பள்ளம்: ஓர் ஆர்ச்டாப் கிதார் உருவான நாட்கள்

ஜனவரி 12

ஆர்ச்டாப், அதாவது மேல்பலகை வயலினைப்போல் வளைந்திருக்கும் கிதார். அதன் மேல்பலகைக்கான ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் துண்டுகள் இரண்டையும் இன்று ஒட்டிவிட்டேன். ஒரே கட்டையைப் பிளந்து, புத்தகத்தை விரிப்பதுபோல் விரித்து எடுத்த ஜோடி. சேரும் இடத்தில் 25 மில்லிமீட்டர் தடிப்பு. வெளி ஓரத்தில் அதில் பாதி. விளிம்புகளை இழைத்து நேராக்கவே காலைப் பொழுது முழுவதும் போயிற்று. இரண்டையும் சேர்த்து விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் நூலளவு வெளிச்சமும் தெரியக்கூடாது. மூன்று முறை தெரிந்தது. நான்காவது முறை தெரியவில்லை.

ஒட்டுவதற்கு விலங்குத் தோலிலிருந்து காய்ச்சும் வஜ்ஜிரப் பசைதான். 60 டிகிரி செல்சியஸில் உருக்கிவைத்து, மரத்தையும் கொஞ்சம் சூடாக்கிக்கொண்டு, தடவிய கணத்திலேயே சேர்த்துவிட வேண்டும். ஆறினால் பிடிக்காது. இந்த அவசரம் பிடிக்காமல் புட்டிப் பசைக்குப் போகிறவர்கள் உண்டு. எனக்கு வஜ்ஜிரமே போதும். பல வருடங்கள் கழித்து யாரோ ஒருவர் இந்தக் கிதாரைப் பிரித்துச் சரிசெய்ய நேர்ந்தால், சூடும் ஈரமும் காட்டினால் அது விட்டுக்கொடுக்கும்.

ஜனவரி 26

வெளிவளைவைச் செதுக்கத் தொடங்கினேன். ஏன் இந்த வளைவு என்று பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். சாதாரணக் கிதாரில் குதிரை, அதாவது தந்திகளைத் தாங்கும் கட்டை, தட்டையான பலகையின்மேல் ஒட்டப்பட்டிருக்கும். தந்திகள் அதை முன்னோக்கி முறுக்கி இழுக்கும். ஆர்ச்டாப்பில், வயலினில் போலவே, குதிரை ஒட்டப்படாமல் சும்மா நிற்கிறது. தந்திகள் அதன்மேல் ஏறி இறங்கி, உடலின் கடைசியில் உள்ள வால்துண்டில் போய் முடிகின்றன. ஆகவே குதிரை பலகையைக் கீழ்நோக்கி அழுத்துகிறது.

என் கிதாருக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறு தந்திகளின் மொத்த இழுவிசை ஏறக்குறைய 70 கிலோ. குதிரைமேல் அவை மடியும் கோணம் 14 டிகிரி என்றால், சுமார் 17 கிலோ எடை இரவும் பகலும் பலகையின்மேல் உட்கார்ந்திருக்கும். வளைவு அதைத் தாங்கவும் வேண்டும், தந்தி அதிர்ந்தால் தானும் அதிரவும் வேண்டும்.

அமெரிக்கக் கைவினைஞர் ஆர்வில் கிப்சன் 1898-இல் பெற்ற காப்புரிமை, மாண்டலினின் மேல்பலகையை முழுமரத்திலிருந்து இப்படிச் செதுக்குவதைப் பற்றியது. அவர் உடலின் பக்கச் சுவரான விலாப்பலகையைக்கூட வளைக்காமல் மரத்திலிருந்தே அறுத்தெடுக்கச் சொன்னார். அதில் நான் அவர் வழியில் போகப்போவதில்லை.

பிப்ரவரி 9

செதுக்கல். கட்டைவிரல் அளவே உள்ள இழைப்புளி. உச்சியில் 20 மில்லிமீட்டர் உயரம் நிற்கிறது.

பிப்ரவரி 23

விலாப்பலகை வளைத்தேன். 2.3 மில்லிமீட்டர் மேப்பிள். சூடேற்றிய குழாயின்மேல் ஈரத்துணியைப் போட்டு, பலகையை அதில் வைத்து மெல்ல அழுத்தினால், ஒரு கட்டத்தில் மரம் கைக்கு இணங்குவது தெரியும். இடுப்பு வளைவு எளிதாக வந்தது. மேல் ஃப்ரெட்டுகளை, அதாவது கழுத்தில் குறுக்கே பதித்த ஸ்வரக் கம்பிகளில் உடலுக்கு அருகில் உள்ளவற்றை, கை எட்டுவதற்காக உடலில் விடும் குழிவுக்கு வந்தபோது ஒரு சத்தம். பலகை பாதியில் ஒடிந்துவிட்டது.

வெகுநேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். இந்த மேப்பிளின் அழகு, புலிவரிபோல் குறுக்கே ஓடும் அலைகளில் இருக்கிறது. அந்த அலைகளில் நார் மேலும் கீழுமாகப் புரண்டு ஓடுவதால் ஒவ்வொரு வரியுமே ஒடியத்தக்க இடம். கூடுதலாக ஒரு பலகை வாங்கிவைத்திருந்தது காப்பாற்றியது. அதைக் குழிவு வரும் இடத்தில் மட்டும் 2 மில்லிமீட்டருக்குக் குறைத்து, வெளிப்பக்கம் ஒரு மெல்லிய எஃகுத் தகட்டை அணைகொடுத்து, தகட்டோடு சேர்த்தே வளைத்தேன். நார் பிய்த்துக்கொண்டு எழ இடமில்லாமல் தகடு அழுத்திப் பிடித்தது. வந்துவிட்டது.

மார்ச் 15

உள்பக்கம். நான் காத்திருந்த வேலை இதுதான்.

துளைப்பு எந்திரத்தின் மேசையில் மழுங்கிய மரமுளை ஒன்றை நிறுத்தி, துளைமுனை அதற்கு 7 மில்லிமீட்டர் மேலேயே நின்றுவிடும்படி பூட்டினேன். பலகையின் வெளிவளைவு முளைமேல் படும்படி நகர்த்தி நகர்த்தித் துளையிட்டால், ஒவ்வொரு துளையின் அடியிலும் சரியாக 7 மில்லிமீட்டர் மரம் மிஞ்சும். பிறகு துளைகள் மறையும்வரை உளியால் வாரி எடுப்பதுதான் வேலை. அதற்கப்பால் காதும் விரலும்தான் அளவு.

பலகையை மேல் ஓரத்தில் இரு விரலால் தொங்கவிட்டு நடுவில் தட்டினேன். காலையில் மேசையைத் தட்டியதுபோல் ஒலித்தது. நடுவில் 6 மில்லிமீட்டருக்கு வந்தபோது ஒலிக்கு ஒரு சுருதி கிடைத்தது, 5.5-இல் அந்தச் சுருதி கீழிறங்கி, தட்டிய பிறகும் சற்று நின்றது. ஓரத்தில் இன்னும் 4.5 இருக்கிறது. வளைவு இறங்கிவந்து, விளிம்புக்குச் சற்று முன்னால் வாய்க்கால்போல் குழிந்து மறுபடி ஏறும் இடம் அது. ஓரப்பள்ளம் என்று எழுதிவைத்துக்கொள்கிறேன். அங்கே மேலும் குறைக்கக் கை வரவில்லை. 17 கிலோவும் கடைசியில் அந்த ஓரத்தில்தானே வந்து இறங்குகிறது?

மார்ச் 22

எஃப் வடிவத் துளைகளைக் கம்பி ரம்பத்தால் அறுத்தேன். கிப்சன் நிறுவனத்தில் வடிவமைப்பாளர் லாய்ட் லோர் இருந்த காலத்தில், 1922-இல் வந்த எல்-5 என்ற கிதார்தான் இந்தத் துளைகளைக் கிதாருக்குக் கொண்டுவந்தது. அதற்குமுன் வந்த வளைபலகைக் கிதார்களில் வட்டமோ நீள்வட்டமோ ஆன ஒற்றைத் துளை. இரண்டு துளைகளும் பக்கங்களுக்கு ஒதுங்கியதால் பலகையின் நடு முழுவதும் அதிர்வதற்கென்று விடப்பட்டது. அறுத்து முடித்துத் தட்டினால் சுருதி இன்னும் இறங்கியிருந்தது.

ஏப்ரல் 5

உள்ளே இரண்டு தாங்குசட்டங்கள், நீளவாக்கில், ஏறக்குறைய இணையாக. குறுக்கே எக்ஸ் வடிவில் வைப்பவர்களும் உண்டு. அது ஒலியை மென்மையாக்கும் என்பார்கள். எனக்குத் தாளம் வாசிக்கும்போது வெட்டிக் கேட்கும் ஒலி வேண்டும்.

சட்டத்தின் அடிப்பக்கம் பலகையின் உள்வளைவோடு இம்மியும் இடைவெளி இல்லாமல் படிய வேண்டும். பலகையில் சாக்கட்டித் தூளைத் தடவி, சட்டத்தை வைத்து லேசாக அசைத்து எடுத்தால், இடிக்கும் மேடுகளில் மட்டும் வெள்ளை ஒட்டிவரும். அந்த வெள்ளையைச் சீவ வேண்டும். மறுபடி வை, எடு, சீவு. ஒரு சட்டத்துக்கு இரண்டு மாலைகள். முதலில் ஐந்தாறு புள்ளிகள் வெள்ளையாக வந்த அடி, கடைசியில் நுனியிலிருந்து நுனிவரை வெளுத்து வந்தபோது ஏற்பட்ட நிறைவை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பெட்டியை மூடிவிட்டால் யார் கண்ணிலும் படாத வேலை.

மே 10

உடல் மூடியாயிற்று. கழுத்தைப் புறாவின் வால்போல் விரிந்த பொருத்தில் இறக்கினேன். தந்தி நீளம் 635 மில்லிமீட்டர், அதை ஃப்ரெட் இடைவெளிக்கான மாறா எண்ணான 17.817-ஆல் வகுத்தால் முதல் ஃப்ரெட் 35.64-இல் விழும். மிச்ச நீளத்தை அதே எண்ணால் வகுத்துக்கொண்டே போக, பன்னிரண்டாவது சரியாகப் பாதியில், 317.5-இல் வந்து நின்றது.

மே 24

வால்துண்டைக் கருங்காலியில் செய்தேன். நியூயார்க்கில் 1932 முதல் 1964-இல் இறக்கும்வரை தன் கடையில் கிதார் செய்த ஜான் டி'ஏஞ்சலிகோவின் வால்துண்டுகள் கனமான உலோகம். அவரிடம் தொழில் கற்று அவருக்குப் பிறகும் தொடர்ந்த ஜேம்ஸ் டி'அக்விஸ்டோ பின்னாளில் கருங்காலிக்கு மாறினார். என் காது டி'அக்விஸ்டோவின் பக்கம்.

ஜூன் 14

மெருகேற்றாமல் வெறும் மரமாகவே தந்தி கட்டினேன். குதிரையின் பாதங்களை, பலகைமேல் உப்புத்தாளை விரித்துத் தேய்த்துத் தேய்த்து வளைவுக்குப் பொருத்தினேன்.

ஒலி வந்தது. உரக்க இருந்தது, தெளிவாகவும் இருந்தது. ஆனால் மூடிய அறைக்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோல் இருந்தது. கீழ்த்தந்தியை, அதாவது தாழ்ந்த சுருதி தரும் தடித்த தந்தியை, தட்டினால் உடனே அடங்கிவிடுகிறது. ஐந்து மாதம் உழைத்தவனுக்கு இதைக் கேட்பது கடினம். இரவு அதை எடுத்து வாசிக்கவில்லை.

ஜூன் 16

விரல்நுனிகளைப் பலகைமேல் வைத்துக்கொண்டு தந்தியை மீட்டினேன். நடுவில் நன்றாகத் துடிக்கிறது. கீழ்த்தந்திப் பக்கம் ஓரத்துக்கு வரவர ஒன்றுமே இல்லை. உள்ளே ஒரு சிறு காந்தத்தை விட்டு வெளியிலிருந்தே தடிப்பை அளக்கும் கருவியால் பார்த்தேன்: ஓரப்பள்ளத்தில் எங்கும் 4.4, 4.5. மார்ச்சில் நடுவிலேயே சுரண்டிக்கொண்டிருந்தேன். மத்தளத்தின் தோல் வளையத்தோடு சேரும் இடத்தில் மரம்போல் விறைத்திருந்தால் நடுவில் எவ்வளவு மெல்லியதாக இருந்து என்ன பயன்?

ஜூன் 21

தந்திகளைக் கழற்றாமலேயே ஓரப்பள்ளத்தைச் சுரண்டுதகட்டால் சீவுகிறேன். தூசிபோல் பறக்கும் சீவல். பத்து இழுப்பு, பிறகு அதே மூன்று ஸ்வரம். முதலில் கீழ்ப்புறம், வால்துண்டின் இரு பக்கமும். 4.0 வரை ஒன்றும் மாறவில்லை. 3.6-இல் கீழ்த்தந்திக்கு ஓர் அடிநாதம் வந்தது. முதலில் என் ஆசை கேட்கவைக்கிறதோ என்று சந்தேகித்து, மறுநாள் காலை புதிய காதோடு கேட்டேன். இருந்தது. 3.3-இல் நாண்கள் வாசித்தால் பின்பலகை என் வயிற்றில் அதிர்கிறது.

உச்சசுருதி தரும் மெல்லிய மேல்தந்திப் பக்கம் 3.6-இலேயே நிறுத்தினேன். அங்கே இன்னும் சீவினால் உச்சஸ்வரங்களின் கூர்மை போய்விடும் என்று கை சொன்னது. கீழ்த்தந்திப் பக்கம் 3.2. அங்கே கடைசி இழுப்புக்குப் பிறகு எதுவும் கூடவில்லை. தகட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 3

அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப் பொட்டணத்தால் மெருகு. ஒரு நாளைக்கு நான்கு தடவை, ஒரு மாதம். கனமான பூச்சு போட்டு அந்த ஓரத்தை மறுபடி விறைக்கவைக்க எனக்கு மனம் இல்லை.

ஆகஸ்ட் 30

மெருகுக்குப் பிறகு மறுபடி தந்தி கட்டி மூன்று வாரம். நேர்கோல் வைத்து அளந்ததில் வளைவின் உச்சி முதல் வாரத்தில் 0.4 மில்லிமீட்டர் அமிழ்ந்திருந்தது, பிறகு அசையவில்லை. தந்திகள் ஃப்ரெட்டுகளுக்குச் சற்று நெருங்கிவிட்டதால் குதிரையின் திருகுசக்கரங்களைக் கால் சுற்று உயர்த்தினேன். இன்று மாலை இரண்டு மணி நேரம் வாசித்தேன்.