ஆறு பீப்

ஜனவரி 9

பழைய 386 கம்ப்யூட்டரின் மூடி திறந்தாச்சு. பயந்தபடிதான் இருக்கிறது. கீபோர்டு சாக்கெட்டை ஒட்டி அந்த நீலப் பீப்பாய் பேட்டரி: நிக்கல் காட்மியம், 3.6 வோல்ட், 60 மில்லிஆம்ப்-அவர். இரு முனையிலும் வெள்ளைப் பூ, சுற்றிலும் பச்சை. போர்டு 386டிஎக்ஸ்-40. ஏஎம்ஐ பயாஸ் (கம்ப்யூட்டரை எழுப்பும் புரோகிராம்). 30 பின் சிம், அதாவது மெமரித் துண்டு, செருக எட்டு இடம், நாலில் மெமரி இருக்கிறது.

இன்றைக்கு ஒரே வேலை, பேட்டரியை எடுப்பது. பிடித்து இழுத்தால் போர்டில் ஒட்டியிருக்கும் செம்புப் பேடும் உரிந்து கூடவே வரும். முதலில் கால்களைக் கட்டரால் நறுக்கணும், பிறகு மிச்சத்தை சால்டரிங் அயர்னால் எடுக்கணும். காரம் பட்ட ஈயம் சீக்கிரம் உருகாது. அதன் மேல் பிளக்ஸ் தடவிக் கொஞ்சம் புது ஈயம் கொடுத்தால் பழையது இளகும்.

கரண்ட் கொடுத்துப் பார்க்கலாமே என்று கை துறுதுறுக்கும். கூடாது. ஈர உப்பு இரண்டு டிராக்குக்கு (போர்டில் ஓடும் செம்புக் கோடு) நடுவே கிடக்கும்போது 5 வோல்ட் போனால் அரிப்பு இன்னும் வேகமாகும்.

ஜனவரி 10

கசிந்தது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து வெள்ளைக் கார்பனேட்டாக உறைகிறது. செம்பைத் தின்ற இடம் பச்சையாகிறது. காரத்துக்கு அமிலம்தான் மருந்து: வெள்ளை வினிகரில் நனைத்த பஞ்சுக்குச்சி. வைத்ததும் நுரைக்கும். நுரை நிற்கும்வரை குச்சியை மாற்றி மாற்றி வைக்கணும். அப்புறம் பழைய டூத் பிரஷ், டிஸ்டில்டு வாட்டரில் முழுப் போர்டையும் அலசல், கடைசியாக 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். வினிகர் மிச்சமிருந்தால் அதுவும் அரிக்கும், அலசலில் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஆல்கஹாலை மட்டும் தடவிவிட்டுச் சுத்தமாகிவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. ஆல்கஹால் காரத்தை முறிக்காது. இருந்த இடத்திலிருந்து பக்கத்து இடத்துக்குத் தள்ளும், அவ்வளவுதான்.

ஜனவரி 11

காய்கிறது. மேலே காய்ந்தது கண்ணுக்குத் தெரிகிறது. கீபோர்டு கன்ட்ரோலர் சிப் உட்காரும் 40 பின் சாக்கெட்டுக்கு அடியில்?

ஜனவரி 12

போர்டு காயும் நேரத்தில் பவர் சப்ளை. வெறுமனே போட்டுப் பார்த்து “செத்துப்போச்சு” என்று முடிவுகட்டுவது பொது வழக்கம். அந்தக் காலத்து ஏடி சப்ளைக்கு 5 வோல்ட் லைனில் கொஞ்சம் லோடு வேணும், இல்லாவிட்டால் கிளம்பவே கிளம்பாது, கிளம்பினாலும் வோல்டேஜ் தாறுமாறாகக் காட்டும். உதவாத ஹார்ட் டிஸ்க் ஒன்றை மாட்டிவிட்டு அளந்தால் போதும். 4.75-லிருந்து 5.25-க்குள் இருக்கணும்.

அதற்கு முன்னால் உள்ளே ஒரு பார்வை. மெயின்ஸ் நுழையும் இடத்தில் பொன்னிற உறை போட்ட காகிதக் கெபாசிட்டர் இருந்தால், அது வேலை செய்கிறதோ இல்லையோ, கழற்றிவிடு. உறையில் மயிரிழை வெடிப்பு விழுந்திருக்கும், அதன் வழியே காகிதம் ஈரம் குடித்திருக்கும், பிளக் சொருகிய சில நிமிஷத்தில் வீடெல்லாம் புகை. அதே அளவு எக்ஸ்2 வகை பாலிபுரொப்பிலீன் ஒன்று போதும். பெரிய பிரைமரி கெபாசிட்டர்கள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட் வரை பிடித்து வைத்திருக்கும். அளந்து பார்க்காமல் விரல் போகக்கூடாது.

ஜனவரி 14

கழுவியதும்தான் உண்மைச் சேதம் தெரிகிறது. போர்டின் மேல்பூச்சான பச்சை மாஸ்க்குக்குக் கீழே சில டிராக் கறுத்திருக்கிறது. கறுப்பு என்றால் காரம் மாஸ்க்குக்கு அடியில் நடந்து போயிருக்கிறது. ஃபைபர்கிளாஸ் பேனாவால் சுரண்டினால் நல்ல செம்பு வரணும். வராமல் பொடியாக உதிர்ந்தால் அந்த டிராக் போச்சு. (கையுறை போட்டுக்கொள். அந்தத் தூள் தோலில் ஏறினால் ரெண்டு நாள் குத்தும்.) செம்பு தெரிந்த இடங்களுக்கு மெல்லிசாக ஈயம் பூசியாச்சு.

கீபோர்டு சாக்கெட்டின் ஐந்து பின்னும் பார்த்தாச்சு: 1 கிளாக், 2 டேட்டா, 4 கிரவுண்ட், 5-ல் 5 வோல்ட். ஐந்துக்குப் போகும் வழியில் குட்டி ஃபியூஸ், நல்லாயிருக்கிறது. ஓடும்போது கீபோர்டைப் பிடுங்கிச் சொருகினால் முதலில் போவது இதுதான்.

ஜனவரி 15

பவர் சப்ளையிலிருந்து போர்டுக்கு வரும் கனெக்டர்கள், பி8, பி9. கறுப்பு வயரோடு கறுப்பு வயர் நடுவில் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து, மறுபடியும் பார்த்து, பிறகு சுவிட்ச்.

ஆறு பீப்.

ஜனவரி 16

ஏஎம்ஐ பயாஸில் ஆறு என்றால் கீபோர்டு கன்ட்ரோலரான 8042 சிப்பில், கேட் ஏ20-ல் கோளாறு. சத்தம் வந்ததே பெரிய விஷயம்: பிராசசர், ராம், ரோம், டைமர் எல்லாம் அதுவரைக்கும் தேறியிருக்கிறது. மூன்று பீப் என்றால் ராமின் முதல் 64 கே, எட்டு என்றால் டிஸ்ப்ளே மெமரி. நல்ல இலக்கம்தான் வந்திருக்கிறது.

கீபோர்டு கன்ட்ரோலருக்கும் மெமரிக்கும் என்ன சம்பந்தம்? 8088-க்கு முகவரிக் கம்பி 20, அதாவது 1 மெகாபைட்டோடு சரி. அதைத் தாண்டினால் முகவரி சுழியத்துக்கே திரும்பி வரும். அதை நம்பி எழுதிய புரோகிராம்கள் இருந்தன. 80286-க்குக் கம்பி 24. அந்தப் புரோகிராம்கள் உடையாமல் இருக்க, 1984-ல் ஐபிஎம் ஏடி செய்தவர்கள் 21-ஆவது கம்பியை, அதாவது ஏ20-ஐ, அடைக்கவும் திறக்கவும் ஒரு வழி வைத்தார்கள். கீபோர்டு கன்ட்ரோலரில் ஒரு பின் சும்மா இருந்தது, வேலையை அதன் தலையில் கட்டினார்கள். 386 குளோன் வரைக்கும் அந்த ஒட்டு கூடவே வந்தது. அது 8042-ன் 22-ஆம் பின்.

கன்ட்ரோலர் கீபோர்டு சாக்கெட்டுக்குப் பக்கத்தில் இருப்பது நியாயம். ஆனால் பேட்டரியையும் அதே மூலையில் கொண்டுவந்து வைத்தார்கள். இதே ரகப் போர்டுகள் இதே பீப்பில் வந்து நிற்பதற்குக் காரணம் இந்த மூலைதான்.

மீட்டரில்: பின் 40, 26 இரண்டிலும் 5 வோல்ட். 20 கிரவுண்ட். 22-லிருந்து சிப்செட்டுக்குக் கண்டினியூட்டி (தொடர்பு அறுபடாமல் இருக்கிறதா என்று) பார்த்தால், முனையை அழுத்தினால் கத்துகிறது, அழுத்தத்தைத் தளர்த்தினால் நின்றுவிடுகிறது. சிப் சாக்கெட்டின் கீழே ஏதோ ஒரு துளையில் செம்பு அறுந்து, அழுத்தும்போது மட்டும் தொடுகிறது.

ஜனவரி 17

புது 40 பின் சாக்கெட்டுக்குச் சொல்லியாச்சு. அது வரும்வரை காத்திருக்கும் வேளையில், பயாஸ் இருக்கும் சிப்பான இபிராமைப் படித்து வைத்தாச்சு. இரண்டு தரம் படித்து ஒப்பிட்டதில் பைட்டுக்கு பைட் சரி. ஸ்டிக்கர் பழசாகி ஓரம் தூக்கியிருந்தது. வெளிச்சம் படாதபடி சிப்பின் கண்ணாடி ஜன்னலை மறுபடி மூடியாச்சு.

ஜனவரி 19

கேஸ் மஞ்சளாகிவிட்டது, பெராக்சைடு தடவி வெயிலில் வைத்தால் வெளுக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். வெளுக்கும்தான். சீராகத் தடவாவிட்டால் வரிவரியாகவும் வெளுக்கும், அந்த வரி அப்புறம் போகாது. வெளுத்தது இருட்டில் வைத்தாலும் மெல்ல மஞ்சளுக்கே திரும்பும். மஞ்சள் ஒன்றும் செய்யாது, இருக்கட்டும். உள்ளே தின்கிறவனைப் பார்க்காமல் மேலே பவுடர் பூசுகிற வேலை இது.

ஜனவரி 21

சாக்கெட் வரவில்லை.

ஜனவரி 22

வரவில்லை. கார்டு செருகும் ஐஎஸ்ஏ ஸ்லாட்டுகளில் முதல் இரண்டிலும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தகடுகளை லென்ஸ் வைத்துப் பார்த்தாச்சு. ஒன்றில் மங்கல். பச்சையா நிழலா தெரியவில்லை. டார்ச்சைச் சாய்த்தால் பச்சை, நேராகப் பிடித்தால் நிழல்.

இந்த எந்திரங்கள் ஓடித் தேய்ந்து சாவது அபூர்வம். சும்மா கிடந்துதான் சாகின்றன. பத்திரமாக அலமாரியில், துணி போர்த்தி, பேட்டரியோடு.

ஜனவரி 24

வந்துவிட்டது. பழைய சாக்கெட்டை முழுசாகத் தூக்கப் பார்த்தால் துளைகள் கிழியும். பிளாஸ்டிக்கை நறுக்கி நறுக்கி எடுத்துவிட்டு, 40 காலையும் ஒவ்வொன்றாகச் சூடாக்கி உருவணும். அடியில் பச்சைத் திட்டு, ஜனவரி 10-ன் வினிகர் எட்டாத இடம். மறுபடி வினிகர், நீர், ஆல்கஹால்.

22-ஆம் துளையின் உள்சுவர் கரைந்தே போயிருந்தது. 30 கேஜ் வயர்-ரேப் கம்பியால் பின்னடியிலிருந்து சிப்செட் பக்கத்து நல்ல துளைக்கு ஒரு பாலம். டேட்டா லைன் 12 முதல் 19 வரை எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தாச்சு, அழுத்தாமல்.

சுவிட்ச். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு அந்த டிக்டிக்டிக், மெமரி எண்ணும் சத்தம்! 4096 கே வரைக்கும் எண்ணி முடிக்கவிட்டேன். எஸ்கேப் அடிக்கவில்லை.

ஜனவரி 25

“சிமாஸ் பேட்டரி ஸ்டேட் லோ.” செட்டிங்குகளை நினைவில் வைக்கும் பேட்டரி இல்லை என்கிறது. தெரியும்.

சிஆர்2032 லிதியம் பட்டன் பேட்டரி போடலாம், ஆனால் சும்மா போடக்கூடாது. எந்திரம் ஓடும்போது பழைய பேட்டரி இருந்த பேடில் மீட்டர் வைத்தால் 4 வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறது. நிக்கல் காட்மியத்தைச் சார்ஜ் செய்ய வந்த கரண்ட் அது. லிதியம் அதை வாங்கக்கூடாது, உப்பி வெடிக்கும். பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து போர்டை நோக்கி ஒரு 1என்4148 டயோடு, கோடு போட்ட முனை போர்டு பக்கம். ஹோல்டர் போர்டின் மேல் வேண்டாம். வயர் நீட்டி கேஸின் அடித்தட்டில், எதுவும் கசிந்தாலும் போர்டைத் தொடாத இடத்தில்.

ஜனவரி 27

ஹார்ட் டிஸ்க் சுற்றுகிறது, பயாஸுக்கு அது யாரென்று தெரியவில்லை. டைப் 47 எடுத்து எண்களைக் கையால் கொடுக்கணும். லேபிளில் இருக்கிறது: 980 சிலிண்டர், 10 ஹெட், 17 செக்டர். பெருக்கி 512-ஆல் பெருக்கினால் 85,299,200 பைட். எண் தப்பாகப் போனாலும் சில சமயம் பூட் ஆகும், பிறகு எழுதும்போதுதான் இடம் மாறி எழுதிப் பாழாக்கும். அதனால் முதல் பூட்டில் எதையும் எழுதாதே. முதலில் முழு டிஸ்க்கையும் நகல் எடு.

நகல் போய்க்கொண்டிருக்கிறது. சத்தம் சீராக இருக்கிறது.

ஜனவரி 28

எல்சிடி மானிட்டரில் டாஸ் எழுத்து பிசிறடிக்கிறது. விஜிஏ டெக்ஸ்ட் 720×400, 70 ஹெர்ட்ஸ். மானிட்டர் அதை 640 என்று எடுத்துக்கொள்கிறது. எந்திரத்தின் மேல் பழி இல்லை.

ஜனவரி 31

நீலப் பெட்டியில் இருக்கும் பிளாப்பி டிஸ்க்குகளைப் படித்தெடுப்பதை இனியும் தள்ளிப்போட முடியாது. முதலில் ஷட்டரைத் திறந்து, ஹப்பைச் சுழற்றி, இரண்டு பக்கமும் வெளிச்சத்தில் பார்க்கணும். வெள்ளை வட்டம் இருந்தால் பூஞ்சை. நனைத்த பஞ்சை ஓட்டித் துடைத்து, காயவிட்டு, அப்புறம்தான் டிரைவ். ரைட் புரொடெக்ட் துளை திறந்திருக்கணும். கிரீச் என்று கேட்டால் அந்த நொடியே நிறுத்து. உரிந்த ஆக்சைடு ஹெட்டில் ஒட்டி, அடுத்து வரும் நல்ல டிஸ்க்கையும் கீறிவிடும்.

386-ல் போடவே இல்லை. பிளாப்பியைப் படிக்கும் கிரீஸ்வீசில் என்ற சின்ன போர்டில் நேரடியாக ஃபிளக்ஸ் எடுக்கிறது. பைட்டாக மாற்றாமல் காந்தத் துடிப்புகளின் இடைவெளியையே எழுதி வைத்துக்கொள்ளும். டிஸ்க் ஒருதரம்தான் ஒழுங்காக ஓடும் என்ற நிலையில் இதுதான் சரி. மற்றதைப் பிறகு உட்கார்ந்து பிரிக்கலாம்.

பிப்ரவரி 1

ஐஎஸ்ஏ ஸ்லாட். நிழல்தான். நிழல்தான் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 3

மூன்று டிஸ்க் முழுசு. ஒவ்வொன்றும் 80 டிராக், 2 பக்கம், 18 செக்டர், 1,474,560 பைட், ஒன்றுகூடக் குறையவில்லை. நாலாவதில் பூஞ்சை, துடைத்துக் காய்கிறது.

பிப்ரவரி 4

நாலாவது. 61-ஆம் டிராக், மேல்பக்கம், 18-க்கு 17. மிச்ச செக்டர் ஒரு சுற்றில் வந்தது, சிஆர்சி (பிழை காட்டும் சரிபார்ப்பு எண்) பொருந்தவில்லை. ஹெட்டைத் துடைத்துவிட்டு வேறொரு டிரைவில் போட்டுப் பார்க்கணும். ஹெட் நிற்கும் இடம் டிரைவுக்கு டிரைவ் நூலளவு மாறும், எழுதிய டிரைவ் எதுவோ அதற்குப் பக்கத்தில் நிற்கிற ஒன்று அகப்பட்டால் வந்துவிடும். டிரைவ் மூன்று இருக்கிறது. இரண்டாவதை மாட்டியாச்சு.