என் ராப் வரிகளின் உரிமையை என் பெயரிலேயே வைத்துக்கொண்ட அனுபவம்

வடசென்னையில் ராப் எழுதிப் பாடுகிற எங்களுக்கு மேடை கிடைப்பதே பெரும்பாடு. அதனால் ஒரு நிறுவனத்திடமிருந்து ஒப்பந்தம் வந்துவிட்டால், அதைப் படித்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணமே பலருக்கு வருவதில்லை. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் கானாவையும் ராப்பையும் பறையையும் ஒரே மேடையில் நிறுத்திய காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழுவின் முதல் நிகழ்ச்சிக்குப் பிறகு, எங்கள் பேச்சும் எங்கள் தெருவும் பாட்டாகலாம் என்ற துணிவு எங்கள் பகுதிப் பிள்ளைகள் பலருக்கு வந்தது. அப்படி எழுதத் தொடங்கியவர்களில் நானும் ஒருவன். ராப்பர்கள் வட்டமாக நின்று மாறி மாறிப் பாடும் சைஃபர்களில் நான் பாடியதை நண்பர்கள் கைப்பேசியில் எடுத்துப் போட, அதைப் பார்த்து ஓர் இசை நிறுவனம் என்னை அழைத்தது.

அவர்கள் அனுப்பிய ஒப்பந்தம் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. ஒரே தடவை கொடுக்கும் ஒரு தொகைக்கு ஈடாக, பாட்டின் எல்லா உரிமைகளும் உலகம் முழுவதற்கும், காப்புரிமை (காப்பிரைட்) நிலைக்கும் காலம் முழுவதற்கும் அவர்களைச் சேரும் என்றும், அதன்பின் ராயல்டி, அதாவது பாட்டு பயன்படும்போதெல்லாம் வரும் பங்குப்பணம், எதையும் நான் கோரக்கூடாது என்றும் அதில் எழுதியிருந்தது. உயர்நீதிமன்றத்தில் வழக்கறிஞராக இருக்கும் எங்கள் பகுதி அக்கா ஒருவரிடம் அதை எடுத்துப் போனேன். அவர் கடைசி வரியில் விரலை வைத்து, “தம்பி, இதை நீயே விரும்பிக் கையெழுத்துப் போட்டாலும் சட்டப்படி செல்லாது” என்றார்.

அன்று அவர் விளக்கிச் சொன்னது ராப் எழுதும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஒரு பாட்டில் வரிகள், இசை, ஒலிப்பதிவு என்று மூன்று தனித்தனி உரிமைகள் இருக்கின்றன. ராப்பரின் வரிகள் சட்டத்தின் கண்ணில் இலக்கியப் படைப்பு; எழுதியவரின் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் அதற்குக் காப்புரிமை உண்டு. 1957-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, உரிமையை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்த பிறகும், பாட்டின் பயன்பாட்டால் வரும் ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமை பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உண்டு. அந்த உரிமையைத் தம் வாரிசுக்கோ, வசூலித்துப் பகிர்ந்து தரும் காப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு எவருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. இது திரைப்பாட்டு எழுதுபவர்களுக்கு மட்டுமே உரியது என்றுதான் எங்கள் பக்கம் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். படத்தில் இடம்பெறாத தனிப்பாட்டுக்கும் இது பொருந்தும் என்பதைச் சட்டமே தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

உரிமைக்கு ஆண்டுக்கணக்கில் ஒரு காலவரை வேண்டும், ராயல்டி கோரக்கூடாது என்ற பகுதியை நீக்க வேண்டும், பாடலாசிரியர் என்று என் பெயர் எல்லா இடத்திலும் வர வேண்டும் என்று கேட்டு எழுதினேன். எதையும் மாற்ற இயலாது என்று பதில் வந்ததால், பாட்டை நாங்களே வெளியிட முடிவு செய்தோம்.

சொந்தமாக வெளியிடுவதில் மிகவும் கவனம் கேட்பது பீட், அதாவது வரிகளுக்கு அடியில் ஓடும் தாள இசைதான். இணையத்தில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் பீட்கள் பெரும்பாலும் வாடகை உரிமத்தில் வருபவை. அதே பீட்டை இன்னும் பலர் வாங்கியிருப்பார்கள். இத்தனை முறைதான் ஒலிக்கலாம் என்ற வரம்பு இருக்கும். பாட்டு யாருடையது என்று தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடியில் பதியக்கூடாது என்ற தடையும் இருக்கும். பழைய திரைப்பாட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து சாம்பிள் செய்யும் ஆசை எனக்கு நிறையவே உண்டு. அதற்கு ஒலிப்பதிவின் உரிமையாளர், பாட்டின் உரிமையாளர் என்று இரு தரப்பிடமும் அனுமதி வாங்க வேண்டும் என்பதால் அதைத் தொடவில்லை. பக்கத்துத் தெருவில் பீட் செய்யும் நண்பன் புதிதாகவே ஒன்றை உருவாக்கினான். அவன் வீட்டு அறையில் கதவிலும் சுவரிலும் கம்பளிகளைத் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, தெரு அடங்கிய பிறகு பதிவு செய்தோம். வரிகள் எனக்கு, இசை அவனுக்கு, ஒலிப்பதிவு இருவருக்கும் சரிபாதி என்று முத்திரைத்தாளில் எழுதியபோது, “நமக்குள்ள எதுக்குடா பேப்பரு?” என்று வருத்தப்பட்டான். நட்பு கெடாமல் இருக்கத்தான் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினேன். அந்தத் தாளின் படி ஒன்று இன்று அவனிடமும் பத்திரமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு வந்தவை எளிய வேலைகள். பாட்டை இணைய இசைத்தளங்களில் சேர்த்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டர் வழியாக டபிள்யூ.ஏ.வி. வகை ஒலிக்கோப்பையும் 3000-க்கு 3000 பிக்சல் அளவுள்ள அட்டைப்படத்தையும் ஏற்றினால், ஒலிப்பதிவுக்கு ஐ.எஸ்.ஆர்.சி. என்ற, எழுத்தும் எண்ணுமாக 12 குறிகள் கொண்ட அடையாளக் குறியீடு கிடைக்கும். ஸ்பாட்டிஃபை இசைத்தளத்தின் பிளேலிஸ்ட் குழு பாட்டைக் கேட்க வேண்டுமானால், வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாட்களுக்கு முன்பே அவர்களுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். கடந்த 12 மாதங்களில் 1000 முறைக்குக் குறைவாக ஒலித்த பாட்டுக்கு அந்தத் தளம் 2024 முதல் பணம் தருவதில்லை என்பதையும் புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

டிஸ்ட்ரிபியூட்டர் வழியாக வருவது ஒலிப்பதிவுக்கான பணம். வரிகளுக்கும் இசைக்குமான ராயல்டியை வசூலிப்பது, 1969-இல் தொடங்கி மும்பையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம். பான் அட்டை, வங்கி விவரம், வெளியான பாட்டின் விவரம் ஆகியவற்றோடு இணையவழியில் விண்ணப்பித்தேன். எங்களைப் போன்றவர்களுக்கு இதில் முக்கியமானது பெயர். பான் அட்டையில் இருப்பது ஒரு பெயர், மேடையில் அழைப்பது வேறொரு பெயர். விண்ணப்பத்திலேயே மேடைப் பெயரையும் எழுதிவிட்டால் இரண்டும் ஒரே ஆளுடையவை என்று பதிவாகிவிடும். உறுப்பினரானதோடு வேலை முடிந்துவிடாது. ஒவ்வொரு பாட்டையும், யாருக்கு எவ்வளவு பங்கு என்ற விவரத்தோடு தனித்தனியாகப் பதிய வேண்டும். நண்பனும் இசையமைப்பாளராகச் சேர்ந்த பிறகு, முத்திரைத்தாளில் இருந்த பங்கையே இருவரும் பதிந்தோம்.

காப்புரிமை அலுவலகத்தில் பதிவது கட்டாயம் இல்லை, எழுதிய கணமே உரிமை பிறந்துவிடுகிறது. ஆனாலும் 500 ரூபாய் கட்டி வரிகளைப் பதிவு செய்ய விண்ணப்பித்தேன். எவரேனும் ஆட்சேபம் தெரிவிப்பதற்காக 30 நாள் காத்திருந்த பிறகே அதைப் பரிசீலனைக்கு எடுப்பார்கள்.

வந்த முதல் தொகை சிறியதுதான். ஆனால் அந்தக் கணக்குத் தாளில் பாடலாசிரியர் என்ற இடத்தில் என் பெயர் அச்சாகியிருந்ததை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். இப்போது பகுதித் தம்பிகள் ஒப்பந்தங்களைக் கொண்டுவந்தால் காலம், எல்லை, ராயல்டி ஆகியவை என்ன சொல்கின்றன என்பதைத்தான் முதலில் தேடிப் படிக்கிறோம். காலம் எழுதப்படாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை எழுதப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் கொள்கிறது. எழுதியிருந்தால், அதைக் குறைத்துக் கேட்டு ஒரு கடிதம் அனுப்பிவிட்டுத்தான் ஸ்டூடியோவுக்குப் போகிறோம்.