வால்வு கசிஞ்சா இருமல் மருந்து குடிக்காதீங்க

எனக்குப் புற்றுநோய்க்காகக் குரல்வளையை முழுசா எடுத்து, கரண்டும் (கதிர்வீச்சு) வச்சு முடிச்சாச்சு. அந்தக் கதையை விடுங்க, எல்லாருக்கும் ஒண்ணுபோலத்தான். மூச்சு விடுறது இப்ப கழுத்துல போட்ட ஓட்டை வழியாத்தான். பேசுறதுக்காக மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவுல துளை போட்டு சிலிக்கான் வால்வு வச்சாங்க. "பலமா அழுத்தாதீங்க அண்ணாச்சி, கழுத்து ஓட்டையை லேசா மூடுங்க"ன்னு சொல்லிச் சொல்லியே ஸ்பீச் தெரபிஸ்ட் அம்மா பேச வச்சுட்டாங்க. கல்லிடைக்குறிச்சி அப்பளக் கடைக்கு வர்ற போனை இப்ப நானே எடுக்கேன். "யாருல அது கரகரன்னு"ன்னு போனை வச்சவங்களும் ஆர்டர் சொல்லுதாங்க.

படாதபாடு படுத்துனது வால்வு கசிவுதான். தண்ணி குடிச்சாலே இருமல். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில சளின்னு சொல்லி டானிக் எழுதிக் குடுத்தாங்க. அந்த டானிக்கும் வால்வு வழியா மூச்சுக்குழாய்க்குள்ள இறங்கி, இருமல் கூடிப்போச்சு. மறுபடி போனா, படுக்கப்போட்டு ஆக்ஸிஜன் மாஸ்க்கை மூக்குல மாட்டிட்டாங்க! கழுத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டுதேன், "அசையாம படுங்க தாத்தா"ங்காங்க. விரல்ல மாட்டுன கிளிப்புல ஆக்ஸிஜன் நம்பர் ஏறவே இல்ல. என் மவன் வந்து மாஸ்க்கைக் கழட்டிக் கழுத்துல வச்ச பிறகுதான் ஏறுச்சு. நம்ம மூக்குக்கும் நுரையீரலுக்கும் இனி சம்பந்தமே கிடையாது. 'கழுத்து வழியாக மட்டும் மூச்சு விடுபவர். ஆக்ஸிஜனைக் கழுத்தில் வைக்கவும்'னு எழுதி லேமினேட் பண்ணிச் சட்டைப் பையில வச்சிருக்கேன். நீங்களும் வைங்க.

கசிவான்னு பார்க்க, கண்ணாடி முன்னால டார்ச் அடிச்சுக்கிட்டு திராட்சை ஜூஸ் ஒரு வாய் குடிங்க. வால்வு நடுவுல கலர் வந்தா, பெரும்பாலும் பூஞ்சை பிடிச்சிருக்கும், மாத்தணும். சுத்தி வந்தா வால்வு அளவு சேரல. கழண்டே விழுந்துட்டா விடியட்டும்னு இருக்காதீங்க, துளை சில மணி நேரத்துலயே சுருங்கிரும். ரப்பர் கதீட்டர் (மெல்லிசான குழாய்) ஒண்ணு வாங்கி வச்சு, துளை மூடாம இருக்க அதைச் சொருகுற விதத்தை டாக்டர்கிட்ட முன்னாலயே பழகிக்கோங்க. விழுந்த வால்வு கண்ணுல படலன்னா மூச்சுக்குழாய்க்குள்ள போயிருக்கலாம், உடனே ஓடுங்க.

அடுத்தது மாற்றுத்திறனாளி சான்றிதழ். "நல்லாத்தானே பேசுதீரு, உமக்கு எதுக்குவே?"ன்னு ஒரு கிளார்க் மனுவைத் தள்ளிவிட்டார். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தோட அட்டவணையில, பேச்சு மற்றும் மொழிக் குறைபாடுங்கிற இடத்துல குரல்வளை நீக்கம்னு பேர் சொல்லியே போட்டிருக்கு. அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துட்டுப் போய் மேஜையில விரிச்சேன். விரலைக் கழுத்துல இருந்து எடுத்துட்டு வாயை மட்டும் அசைச்சேன். மனுஷன் மேல கீழ பார்த்துட்டு மனுவை வாங்கிக்கிட்டார்.

தாமிரபரணியில முங்கிக் குளிச்ச உடம்பு, இப்ப இடுப்பளவுத் தண்ணியோட சரி. ஓட்டையில தண்ணி போனா நேரா நுரையீரல்தான். குற்றாலத்துல அருவிக்கு அடியில நிக்கிற ஆசையையும் விட்டுருங்க.

இன்னொண்ணு, கரண்டு வச்சவங்க தைராய்டு டெஸ்ட்டைக் கேட்டு வாங்கி எடுங்க. எனக்கு இருந்த அசதியை எல்லாரும் மனக்கவலைன்னே சொல்லிட்டிருந்தாங்க. பார்த்தா தைராய்டு குறைஞ்சு கிடந்திருக்கு. மாத்திரை போட ஆரம்பிச்ச பிறகு சாயங்காலமும் கடையில உக்கார முடியுது.