மில்லார்தேயும் மயில்துத்தமும்

பயிர் நோய்க்குத் தெளிக்கும் போர்டோ கலவையின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் திராட்சைத் திருடர்களோடு நிறுத்திவிடுகிறார்கள். பிரான்சின் மெதோக் பகுதியில் சாலையோரக் கொடிகளில் பழம் பறிப்பவர்களை விரட்ட, மயில்துத்தத்தையும் (தாமிர சல்பேட்) சுண்ணாம்பையும் கலந்து தெளித்துவைப்பார்கள். 1882 அக்டோபரில் சேன் ழூலியன் வழியாகப் போன தாவரவியலாளர் அலெக்சி மில்லார்தே, அந்த வரிசைகளில் மட்டும் இலை தங்கியிருப்பதைக் கண்டார். உள்வரிசைகள் அடிச்சாம்பல் நோயில் மொட்டையாகியிருந்தன.

இதன் பொருள் அவருக்குப் பிடிபட்டதற்குக் காரணம் உண்டு. பூஞ்சை ஆய்வின் முன்னோடியான டி பாரியிடம் பயின்றவர் அவர். இந்த நோயை உண்டாக்கும், பூஞ்சை போன்ற நுண்ணுயிரியின் வித்துகள் இலைமேல் நிற்கும் நீரில் நீந்தி, இலைத்துளை வழியே நுழைகின்றன. நுழைந்தபின் மேலே படிந்த தாமிரம் எட்டாது. ஆகவே மழைக்கு முன்பே மருந்து இலையில் இருக்க வேண்டும்.

வேதியியலாளர் கயோன், தோட்ட மேலாளர் எர்னஸ்ட் தவீத் ஆகியோரோடு சோதித்து 1885-ல் அளவை வெளியிட்டார்: 100 லிட்டர் நீரில் 8 கிலோ மயில்துத்தம், 30 லிட்டர் நீரில் 15 கிலோ சுட்ட சுண்ணாம்பு. கெட்டியான கூழ், சிறு துடைப்பத்தால் தெளித்தார்கள். பிறகு அளவு வெகுவாகக் குறைந்தது. இன்றைய 1 சதவீதக் கலவைக்கு 100 லிட்டருக்கு இரண்டும் ஒவ்வொரு கிலோ. காப்பி இலைத்துருவுக்கு நம் தோட்டங்களில் 0.5 சதவீதம்.

துத்தத்தைப் பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரத்தில் தனியே கரையுங்கள். இரும்பை அது அரித்துவிடும். சுண்ணாம்பை நீற்றி, வடிகட்டி, நன்றாக ஆறவிடுங்கள். சூடாகக் கலந்தால் மணல்மணலாகத் திரண்டு தெளிப்பான் முனையை அடைக்கும். துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றிக் கலக்குங்கள். மாற்றி ஊற்றக் கூடாது. துலக்கிய இரும்புக் கத்தியைச் சற்று நேரம் முக்கிப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்புப் பால் வேண்டும். இல்லாவிட்டால் இலை கருகும். காற்றுப்பட்டுப் பழசான சுண்ணாம்பில்தான் இந்தத் தொல்லை அதிகம். கலந்த அன்றே தெளித்துவிட வேண்டும். வைத்திருந்தால் ஒட்டும் தன்மை போய்விடும். இலையின் அடிப்புறத்தை விட்டுவிடாதீர்கள், துளைகள் அங்கேதான்.

என் பார்வையில் அவருடைய இன்னொரு வேலை இதற்குக் குறைந்ததல்ல. ஃபைலாக்சரா என்னும் வேர்ப்பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்ச்செடிகள் (ஒட்டுக்கு அடியாகும் செடிகள்) பல, சுண்ணாம்பு மண்ணில் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் மஞ்சளித்தன. ஐரோப்பிய ஷாஸ்லா ரகத்தைச் சுண்ணாம்பு தாங்கும் பெர்லாந்தியேரி என்னும் அமெரிக்கத் திராட்சை இனத்துடன் இணைத்து அவர் உருவாக்கிய 41பி என்னும் வேர்ச்செடி, ஷாம்பெய்ன் பகுதியின் சுண்ணாம்பு நிலங்களில் இன்றும் ஒட்டுக்கட்டப் பயன்படுகிறது.